மொட்டைக் கடுதாசியா, 1098-ஆ, டோரா? பெயர் வெளியே வராமல் ஒன்றைச் சொல்ல எது வழி

கிருஷ்ணகிரியில் 14 வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஃபோன் சர்வீஸ் எல்லாம் ஒரே கடைக்குள்தான். போன ஒரு வருடத்தில், ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று தரப்பினர், கடை சாத்தும் நேரமாகப் பார்த்து வந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நான்தான்னு தெரியாம ஒரு காரியம் ஆகணும். டார்க் வெப்ல போனா முடியுமாமே, அண்ணா?"

ஒருவர் கிரானைட் குவாரியின் எடைமேடையில் வேலை செய்பவர். இன்னொருவர் பென்னாகரம் பக்கத்து அக்கா. தங்கை மகளுக்கு 15 வயதில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், அதை நிறுத்த வேண்டும். மூன்றாவது, வேறு வேறு சாதியில் பிறந்து கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் ஒரு பையனும் பெண்ணும். யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மூவருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். டார்க் வெப்புக்குள் போக உதவும் டோர் உலாவியை நான் கையில் எடுத்துக் கொடுத்தது ஒருவருக்கு மட்டும்தான். மற்ற இரண்டு பேருக்கும் அது வேண்டாம் என்றேன், அதிலும் ஒருவருக்கு அது ஆபத்து என்றே சொன்னேன்.

எந்த ஆப் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். யாருடைய கண்ணில் படக்கூடாது? பதில் வர வேண்டுமா, சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதுமா? இந்த விஷயம் உங்களைத் தவிர இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது பல பேருக்கு முகம் மாறிவிடும்.

டார்க் வெப் என்றால் என்ன

பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு பார்சல் போக வேண்டும். நேராகப் போகாமல் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மூன்று இடத்தில் பஸ் மாற்றி அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். பார்சலுக்கு மூன்று உறை. தர்மபுரியில் இருப்பவர் மேலுறையைப் பிரித்தால் 'கிருஷ்ணகிரிக்கு அனுப்பு' என்று மட்டும் இருக்கும். கிருஷ்ணகிரிக்காரர் அடுத்த உறையைப் பிரித்தால் 'ஓசூருக்கு' என்று இருக்கும். ஓசூர்க்காரருக்கு அது பெங்களூர் போகிறது என்று தெரியும், பென்னாகரத்தில் கிளம்பியது தெரியாது. தர்மபுரிக்காரருக்குக் கிளம்பிய இடம் தெரியும், போய்ச் சேரும் இடம் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது.

டோர் வலை செய்வது இதைத்தான். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் மூன்றை உங்கள் உலாவி தேர்ந்தெடுத்து, தகவலை மூன்று பூட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. உரிக்க உரிக்கத் தோல் வருவதால் இதற்கு வெங்காய வழி என்று பெயர் வந்தது. மூன்று இடம் சுற்றிப் போவதால் வேகம் குறையும். வீடியோ பார்க்க இது ஆகாது.

இந்த வழியில் சாதாரண இணையதளத்துக்கும் போகலாம். டாட் ஆனியன் என்று முடியும் முகவரி கொண்ட, டோர் வழியாக மட்டுமே திறக்கும் தளங்களுக்கும் போகலாம். அந்த இரண்டாவது வகைதான் டார்க் வெப். அங்கே பார்க்க வருபவரின் இடம் தளத்துக்குத் தெரியாது, தளம் இருக்கும் இடம் வருபவருக்கும் தெரியாது. டோரில் ஓடும் மொத்தப் போக்குவரத்தில் இந்தத் தளங்களின் பங்கு மிகச் சிறியது. ஃபேஸ்புக் 2014-லும் நியூயார்க் டைம்ஸ் 2017-லும் பிபிசி 2019-லும் தங்களுக்கென ஆனியன் முகவரி திறந்தன. தங்கள் நாட்டில் செய்தி தடுக்கப்பட்ட வாசகருக்கு அது ஒரு பின்வாசல்.

போதைப்பொருள் சந்தை, திருடிய அட்டை எண்கள், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் எல்லாமும் அங்கே இருக்கின்றன. 2011 முதல் 2013 வரை நடந்த சில்க் ரோடு என்ற சந்தையால்தான் இந்தப் பெயரே உலகத்துக்குத் தெரிய வந்தது. அங்கே போய்ப் பார்க்கலாமே என்று வரும் கல்லூரிப் பையன்களைத் திட்டித்தான் அனுப்புகிறேன். அதனால் இந்தக் கருவியே குற்றவாளிகளுக்காகச் செய்தது என்று நினைப்பது தப்பு. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் 1990-களின் நடுவில் பிறந்தது இது. 2002-ல் பொது மக்களுக்கும் திறந்துவிட்டார்கள். கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தினால், அந்த வழியாக வரும் ஒவ்வொருவரும் கடற்படை ஆள் என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? தேர்த்திருவிழாக் கூட்டத்தில்தான் ஆள் மறைய முடியும், வெறும் மைதானத்தில் முடியாது. இந்தியாவில் டோர் உலாவியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம் இல்லை. அதை வைத்துச் செய்யும் குற்றம், எங்கே செய்தாலும் குற்றம்தான்.

பெயரை மறைப்பதில் நன்மை இருக்கிறது என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இணையம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகும் தாயின் பெயரைக் கேட்க மாட்டோம் என்ற ஒரு வாக்கில்தான் அந்தத் திட்டமே நின்றது. கேட்டிருந்தால் தொட்டில் காலியாகவே கிடந்திருக்கும்.

மொட்டைக் கடுதாசி

நமக்குப் பழகின வழி இது. செலவு இல்லை, ஃபோன் தேவையில்லை, எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் இதை வைத்து ஊரில் எத்தனை கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார்கள்! ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி பொய் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டுவிட்டு, எழுதியவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு. அதனாலேயே மொட்டைக் கடுதாசிக்கு மரியாதை போய்விட்டது. மத்திய அரசுத் துறைகளில் பெயரில்லாத புகார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று 2013-ல் சுற்றறிக்கையே இருக்கிறது.

இன்னொரு குறை, அது ஒருவழிப் பாதை. படிக்கும் அதிகாரிக்கு நல்ல மனசு இருந்தாலும், 'எந்தத் தேதி, எந்த வண்டி' என்று திருப்பிக் கேட்க முடியாது. அப்புறம், கடிதமே ஆளைக் காட்டும். கையெழுத்து காட்டும், எந்த ஊர்த் தபால்நிலையம் என்று முத்திரை காட்டும். கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக இயந்திரத்தின் எண்ணும் அச்சான நேரமும் தாளில் பதிந்துவிடும்.

2017-ல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் ஒரு ரகசிய அறிக்கையை அச்செடுத்து, பெயர் போடாமல் ஒரு செய்தி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். தாளில் மடிப்பு இருந்ததால் யாரோ அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அலுவலகப் பதிவைப் பார்த்தார்கள். அந்த அறிக்கையை அச்செடுத்தவர்கள் மொத்தம் 6 பேர். அதில் ஒருவரின் அலுவலகக் கணினியிலிருந்து அதே செய்தி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அவ்வளவுதான், முடிந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. தபால் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, அந்த 6 பேர் பட்டியல்தான் காட்டிக் கொடுத்தது. என் மூன்றாவது கேள்வி இதிலிருந்து வந்ததுதான்.

பெயர் உள்ளே இருக்கும், உறையில் இருக்காது

மொட்டைக் கடுதாசிக்கும் நேரடிப் புகாருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம் பக்கம் அது பல பேருக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, தங்க நாற்கரச் சாலையின் ஒரு துண்டு. அந்தத் திட்டத்தில் பீகார், ஜார்க்கண்ட் பக்கம் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, கான்பூர் ஐஐடியில் படித்தவர். வேலையில் நடக்கும் முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு சேர்ந்து மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்றுதான் வழக்கு முடிந்தது, 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் 'என் பெயரை வெளியே விடாதீர்கள்' என்று கேட்ட ஒரு மனிதனின் பெயர் வெளியே போனது என்பது மாறாது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அந்தக் கொலைக்குப் பிறகு எழுந்த கொதிப்பில்தான் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. பொதுநலனுக்காகத் தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்கும் தீர்மானம் அது, ஆங்கிலப் பெயரைச் சுருக்கி பிஐடிபிஐ என்பார்கள். உங்கள் பெயரும் முகவரியும் கடிதத்துக்குள் இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக்கூடாது. உறையை ஒட்டி, அது பிஐடிபிஐ புகார் என்று மேலே எழுதி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள்தான் எழுதினீர்களா என்று ஆணையம் உங்களிடம் உறுதி செய்துகொள்ளும். பெயரை மறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் விசாரணைக்கு அனுப்பும். பெயரே இல்லாத கடிதத்தை இந்த வழியில் எடுக்க மாட்டார்கள்.

தேசியமயமாக்கப்பட்ட வங்கி, ரயில்வே, தபால் துறை, நெடுஞ்சாலை ஆணையம் போன்றவற்றில் நடக்கும் ஊழல் என்றால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான், டோரை அல்ல. புகாருக்கு எடை இருக்கும், பெயருக்கும் ஒரு மறைப்பு இருக்கும். மாநில அரசுத் துறைகள் இதற்குள் வராது என்பது பெரிய குறை. இதைவிட விரிந்த பாதுகாப்பு தருவதற்கென்று 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

விபிஎன், வாட்ஸ்அப்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விபிஎன் என்பது ஒரே நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றிப் போவது, அதாவது மூன்று பஸ்ஸுக்குப் பதில் ஒரே பஸ். நீங்கள் எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள் என்பது இரண்டும் அந்த ஒரு கண்டக்டருக்குத் தெரியும். வாடிக்கையாளர் பெயர், ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ் விபிஎன் போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன் ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் பூட்டியிருக்கும், ஆனால் செய்தி போய்ச் சேருபவர் கையில் உங்கள் எண் இருக்கும். ஆதார் கொடுத்து வாங்கிய சிம்மின் எண் அது.

பென்னாகரத்து அக்கா

அவர் வந்தபோது கல்யாணத்துக்கு 10 நாள் இருந்தது. காலேஜ் படிக்கும் அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன், "டார்க் வெப்ல போட்டுட்டா யாருக்கும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறான். யாருக்கும் தெரியாத இடத்தில் போட்டால் கல்யாணத்தை யார் வந்து நிறுத்துவார்கள்?

அவர் யாரிடமிருந்து மறைய வேண்டும்? போலீஸிடமிருந்தா? இல்லை. தங்கையிடமிருந்து, தங்கை வீட்டுக்காரரிடமிருந்து, மாமியாரிடமிருந்து. அவர்கள் யாரும் ஐபி முகவரியைத் தேடப்போவதில்லை. அக்காவின் ஃபோனை வாங்கிக் கடைசியாக யாருக்குப் பேசினாள் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் 1098 போதும் என்றேன். குழந்தைகளுக்கான உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். சொந்த ஃபோனிலிருந்து பேச வேண்டாம், பேசினாலும் அழைப்புப் பட்டியலில் இருந்து அழித்துவிடுங்கள் என்றேன். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதிமன்றம் தடை போட்டால், அந்தத் தடையை மீறி நடக்கும் குழந்தைத் திருமணம் செல்லாது.

அக்கா விடவில்லை. "தேதி வச்சது எங்க நாலு பேருக்குத்தான் தெரியும் தம்பி. அதிகாரி வந்து நின்னா என்னைத்தான் பாப்பாங்க." சரியான பயம். அதற்கு டோரிலும் மருந்து இல்லை. பத்திரிகை அடித்தாயிற்றா என்று கேட்டேன். நாளைக்குத்தான் வருகிறது என்றார். அப்படியானால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். பத்திரிகை நாற்பது வீட்டுக்குப் போய்விட்டால் சொன்னது நாற்பது பேரில் யாராகவும் இருக்கலாம். எட்டு நாள் இருந்தால் அதிகாரிகளுக்குப் போதும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மட்டும் தள்ளாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

காதலர்களுக்கு டோர் ஏன் ஆபத்து

தர்மபுரி மாவட்டத்தில் வேறு சாதியில் கல்யாணம் என்றால் என்ன நடக்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தது ஒரு கல்யாணத்துக்காகத்தான். அந்தப் பெண்ணின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

சிறப்புத் திருமணச் சட்டம் என்று தேடியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் பதிவு செய்ய நோட்டீஸ் கொடுத்தால், இரண்டு பேர் பெயரும் முகவரியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் ஒட்டியிருக்கும். டோர் உலாவியில் எவ்வளவு மறைந்து படித்தாலும் அந்தத் தாள் ஊர் பார்க்கத் தொங்கும். இருவரும் இந்துக்கள் என்பதால், தமிழ்நாட்டில் 1967-ல் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் அவர்களுக்குப் பொருந்தும் என்றேன். அந்தத் திருமணத்தை ஊரறியச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மேற்கொண்டு ஒரு வக்கீலிடம் நேரில் பேசுங்கள் என்றேன்.

பெண்ணின் ஃபோனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறாராம். டோர் உலாவியை அந்த ஃபோனில் போட்டால் என்ன ஆகும்? அது எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பதை மூடியதும் மறந்துவிடும், உண்மை. ஆனால் ஊதா நிற வெங்காய ஐகான் திரையில் நிற்கும். 'இது என்ன?' என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியாது. அவளுக்குத் தோழியின் ஃபோன்தான் பாதுகாப்பு. இல்லையென்றால் சாதாரண உலாவியிலேயே, பார்த்த பக்கங்களைப் பதிந்து வைக்காத இன்காக்னிட்டோ. பக்கத்து அறையில் இருப்பவரிடமிருந்து ஒளிய வேண்டியவருக்குக் கருவி கண்ணில் படாமல் இருப்பதுதான் முக்கியம். பூட்டு எவ்வளவு கனம் என்பது அடுத்த கதை.

டோர் எங்கே ஜெயிக்கிறது

என் வீட்டுக் கதை ஒன்று. அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது, உறவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ராத்திரி கடையில் உட்கார்ந்து, 4-ஆம் நம்பர் கணினியில் அந்த நோயைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். இரண்டு நாள் கழித்து என் சித்தி பேரன் அதே கணினியில் ரிசல்ட் பார்க்க உட்கார்ந்தான். ரிசல்ட் பக்கத்தின் ஓரத்தில் மார்பகப் புற்றுநோய் மருத்துவமனை விளம்பரம். அடுத்த பக்கத்திலும் அதே. "மாமா, இது ஏன் இங்கயே வருது?" என்றான். நான் மவுஸைப் பிடுங்கி மூடிய வேகத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அம்மா யாரிடமும் சொல்லாததை என் கணினி சொல்லப் பார்த்தது.

அன்றிலிருந்து நோய், கடன், சட்டச் சிக்கல் மூன்றையும் டோரில்தான் படிக்கிறேன். தேடுவது யாரென்று தேடுபொறிக்குத் தெரியாது. எதைப் படிக்கிறேன் என்று இணைய இணைப்பு தருபவருக்குத் தெரியாது. மூடினால் கணினியிலும் தடம் இல்லை. டோரின் பெரிய பயன் இதுதான் என்பது என் கட்சி. எச்ஐவி பற்றிப் படிக்க விரும்பும் லாரி டிரைவருக்கும், தான் ஆணா பெண்ணா என்ற குழப்பத்தில் தவிக்கும் பிள்ளைக்கும், படிக்கும்போது பின்னால் யாரும் நிற்கவில்லை என்ற தைரியம் வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை நம் வீட்டுக் கணினிக்குள் கொண்டு வர இப்படி ஒரு கருவி தேவைப்படுகிறது.

இரண்டாவது பயன், பதில் வாங்குவது. மொட்டைக் கடுதாசியால் முடியாதது இது. அமெரிக்க நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸும் இன்னும் சிலரும் உருவாக்கி, 2013-ல் வெளிவந்த செக்யூர் டிராப் என்ற முறையை கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் போன்ற பத்திரிகைகள் டார்க் வெப்பில் வைத்திருக்கின்றன. ஆவணத்தைப் போட்டதும் சில சொற்கள் சேர்ந்த ஒரு ரகசியப் பெயர் கிடைக்கும். பிறகு அந்தப் பெயரோடு திரும்ப வந்தால் நிருபரின் கேள்வி காத்திருக்கும். இருவரும் பேசிக்கொள்ளலாம், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்று நிருபருக்கே தெரியாது. நம் ஊர்க் குவாரிச் செய்தியை லண்டன் பத்திரிகை எடுக்காது என்பதால், இங்கே அதே வேலையை டோர் வழியாகத் திறந்த ஒரு மின்னஞ்சல் கணக்கு செய்யும். சுவிட்சர்லாந்து நிறுவனம் நடத்தும் மின்னஞ்சல் சேவையான புரோட்டான் மெயிலுக்கு 2017 முதல் ஆனியன் முகவரி இருக்கிறது. அந்த மெயிலே போதுமே, டோர் எதற்கு என்று கேட்கலாம். 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவு வந்ததும், பிரான்ஸ் நாட்டுச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியை அதே நிறுவனம் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. டோர் வழியாக வந்தவருக்கு அங்கே கொடுக்க முகவரியே இருக்காது. கணக்கு திறக்கும்போது சில நேரம் ஃபோன் எண் கேட்கும். அங்கே உங்கள் எண்ணைப் போட்டால் எல்லாம் வீண்.

டோரை மீறிப் பிடிபட்டவர்களில் பல பேர் கருவியால் சிக்கவில்லை, தங்கள் கைத்தவறால் சிக்கினார்கள். 2017-ல் மூடப்பட்ட ஆல்ஃபாபே என்ற டார்க் வெப் சந்தையை நடத்தியவர், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன வரவேற்பு மெயிலில் தன் சொந்த மெயில் முகவரியை விட்டிருந்தார். 2013 டிசம்பரில் ஹார்வர்டில் பரீட்சையைத் தள்ளிப்போட ஒரு மாணவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். கல்லூரி வைஃபையிலேயே செய்தார். அந்த நேரத்தில் அங்கே டோரில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள், கதவைத் தட்டினார்கள், ஒப்புக்கொண்டார். குற்றவாளிகள் சிக்கியது நல்லது. ஆனால் கம்பெனியின் தப்பை வெளியே சொல்ல நினைக்கும் ஓசூர் தொழிலாளியும் இதே மாதிரி சிக்கலாம். கம்பெனி வைஃபையில் டோரைத் திறக்காதீர்கள். அங்கே நீங்கள் ஒருவர்தான் வெங்காயம் உரிப்பவராக இருப்பீர்கள்.

எடைமேடைக்காரர்

அவரிடம் இருந்தது ஒரு நடைச்சீட்டின் படம், அதாவது கல் ஏற்றிப் போகும் லாரிக்கான அனுமதிச் சீட்டு. ஒரே சீட்டில் இரண்டு லோடு போவதாகச் சொன்னார். ஒரு நிருபருக்கு அனுப்ப வேண்டும், தன் பெயர் வரக்கூடாது. கிரானைட் மாநில அரசின் பொறுப்பு, அதனால் பிஐடிபிஐ உதவாது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாம், ஆனால் பெயர் போட்டு எழுத அவருக்குத் துணிச்சல் இல்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபோனை வாங்கி அந்தப் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினேன். தேதி, நேரம், ஃபோனின் மாடல், அடியில் ஒரு வரைபடம். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி குவாரி மேல் நின்றது. "இது எப்படிண்ணா வந்துச்சு?" என்றார். கேமராவில் லொகேஷன் திறந்திருந்தது, அவ்வளவுதான். அதை எடுக்கச் சுலபமான வழி, படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவது.

படத்தைப் பெரிதாக்கினேன். சீட்டுக்குக் கீழே ரோஜாப்பூ போட்ட ஆயில் கிளாத், ஓரத்தில் பாதி எவர்சில்வர் டம்ளர். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரலில் நகம் கறுத்துப் போயிருந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். லாரிக் கதவு நசுக்கிய நகம். அந்த டம்ளரும் ஆயில் கிளாத்தும் எடைமேடை அறையில் இருப்பது முதலாளிக்குத் தெரியாதா?

"அந்த அறைக்குள்ள எத்தனை பேர் போவீங்க?"

"ஷிஃப்டுக்கு ஒருத்தர். மொத்தம் மூணு பேர்."

மூன்று உறை போட்ட பார்சல் பத்திரமாகத்தான் போகும். ஆனால் உள்ளே இருக்கும் பொருளை மூன்றே பேர்தான் அனுப்பியிருக்க முடியும் என்றால், உறையால் என்ன பயன்? படத்தை அனுப்பவே வேண்டாம் என்றேன். சீட்டில் இருப்பதை எழுத வேண்டாம், சாலையில் தெரிவதை எழுதுங்கள். எந்த லாரி, என்ன தேதி, எத்தனை மணிக்கு முதல் லோடு, எத்தனை மணிக்கு இரண்டாவது, எந்தச் சாலை. டீக்கடையில் நிற்பவரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும்கூடப் பார்த்திருக்கக்கூடிய செய்தியாக அதை மாற்றுங்கள். நிருபர் அதை வைத்து அங்கே போய் அவராகவே பார்க்கட்டும், நடைச்சீட்டு விவரத்தை அவராகவே கேட்டு வாங்கட்டும். உங்கள் மூன்று பேர் அறை, முன்னூறு பேர் நடமாடும் சாலை ஆகிவிடும்.

இதற்கு டோர்தான் சரி. நிருபர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும், இரண்டு மூன்று வாரம் இழுக்கும், நிருபருக்கே அவர் யார் என்று தெரியக்கூடாது. ஃபோனில் டோர் உலாவியை அதன் அதிகாரப்பூர்வமான தளத்திலிருந்து எப்படி இறக்குவது, அதற்குள் மெயில் கணக்கு எப்படித் திறப்பது என்று என் ஃபோனில் செய்து காட்டினேன். அந்தக் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது, பேச்சுவழக்கில் 'நம்ம குவாரி', 'எங்க ஓனர்' என்று ஒரு வார்த்தை விழக்கூடாது, ஷிஃப்ட் முடிந்த கையோடு எழுதக்கூடாது என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "இங்கயே ஒரு சிஸ்டத்துல உக்காந்து முடிச்சிடட்டுமாண்ணா?" என்றார்.

கூடாது என்றேன். 2011-ஆம் ஆண்டு விதிப்படி, என் கடையில் கணினி முன்னால் உட்காரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்து, பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதி, ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நானும் ஒழுங்காக எழுதுகிறவன். உங்கள் ஃபோனிலேயே, உங்கள் டேட்டாவிலேயே, வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். நீங்கள் டோர் பயன்படுத்துவது ஃபோன் கம்பெனிக்குத் தெரியும், எதற்கு என்று தெரியாது. நீங்கள் பயப்பட வேண்டியது குவாரி முதலாளிக்குத்தான், ஃபோன் கம்பெனிக்கு அல்ல.

அந்தப் படத்தை என் எதிரிலேயே அழித்தார், குப்பைத்தொட்டிக் கோப்பிலிருந்தும் அழித்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அன்றைய பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். 8.40-க்கு ஒரு பாலிடெக்னிக் மாணவர். அதற்குப் பிறகு யாரும் இல்லை.